வட்டார வழக்கு உதவி: கோகிலவாணி

நாமகிரிப்பேட்டையிலிருந்து ஆத்தூர் போகிற ரோட்டில் ஓர் எடை மேடை இருக்கிறது. கிழங்கு லோடு, மக்காச்சோள லோடு, எம்.சாண்ட் லோடு எதுவானாலும் அதில் ஏறி நின்று எடை பார்த்துத்தான் போக வேண்டும். பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதற்குள் உட்கார்ந்து சீட்டு அடித்துக் கொடுப்பவள் கோகிலவாணி. வயது முப்பத்தாறு. ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவே பத்து நிமிஷமும் இருக்கும், ஒரு மணி நேரமும் இருக்கும். அந்த இடைவெளியில் அவளுக்கு இன்னொரு வேலை இருந்தது. சம்பளமில்லாத வேலைதான். ஆனால் மேடை வேலையைவிட அதில்தான் அவளுக்கு மரியாதை அதிகம்.

'மஞ்சக்காட்டு ஊடு' என்று ஒரு படக்கதை. புத்தகமாக வருவதில்லை, போனில் மட்டும் வெள்ளிக்கிழமைதோறும் வரும். விரலால் தள்ளத் தள்ளக் கட்டம் கட்டமாக மேலே ஏறும். பூவாத்தா என்று ஒரு மருமகள், அஸ்ஸாமுக்கு லாரி ஓட்டுகிற அவள் புருஷன், அவர்களோடு அதே வீட்டில் இருக்கிற நாத்தனார் செல்லாயி. இவ்வளவுதான் ஆட்கள். இந்த மூன்று பேர் என்ன ஆவார்கள் என்று தெரியாமல் வாரம் முழுக்கத் தவிக்கிற ஜனம் ஆயிரக்கணக்கில் இருந்தது. அதில் நானூற்றுச் சொச்சம் பேர் ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் கூடி, பூவாத்தா அப்படிப் பேசலாமா, செல்லாயி இப்படி முறைக்கலாமா என்று பஞ்சாயத்து நடத்தினார்கள். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போக நேரமில்லை என்பவர்கள்கூட இதற்கு நேரம் வைத்திருந்தார்கள்.

கதையை எழுதி வரைகிறவன் சந்திரசேகர். செவ்வாய்ப்பேட்டையில் மொத்த ஜவுளிக்கடை வைத்திருப்பவரின் மகன். படம் நன்றாக வரைவான். ஆனால் சேலம் டவுனிலேயே வளர்ந்தவன், மேற்கத்திக் கொங்குப் பேச்சு அவனுக்கு அரைகுறை. ஒருதடவை பூவாத்தா புருஷனைப் பார்த்து "நீ எப்ப வருவே?" என்று கேட்டுவிட்டாள். அன்றைக்குத்தான் அதுவரை குரூப்பில் வாயே திறக்காத கோகிலவாணி முதல்முதலாக எழுதினாள்.

"எங்க பக்கம் பொண்டாட்டி புருசனை நீன்னு சொல்ல மாட்டா. 'எப்ப வாரீங்க'ன்னுதான் கேப்பா. சண்டைன்னாலும் 'போயித் தொலைங்க'ன்னு ஒரு 'ங்க' போட்டுத்தான் தொலைப்பா."

குரூப்பே சிரித்தது. சந்திரசேகர் கும்பிடு போட்டு, அடுத்த வாரமே திருத்தினான். அதிலிருந்து அவள்தான் பேச்சு வாத்தியார். 'வருகிறேன்' இல்லை 'வாரேன்', 'வீடு' இல்லை 'ஊடு', பூவாத்தா செல்லாயியை எப்போது 'அம்மிணி' என்பாள், எப்போது 'சாமி' என்பாள், இதெல்லாம் அவளைக் கேட்டுத்தான். "கோகிலாக்கா சொன்னா சரி" என்பார்கள். எடைச் சீட்டைத் தவிர வேறெதற்கும் தன் வார்த்தை செல்லுபடியாகும் என்று அவள் வாழ்க்கையில் அதுவரை நினைத்ததில்லை.

அவள் இருந்தது அண்ணன் வீட்டில். அண்ணன் குணசீலன் ரிக் வண்டியில் போர்வெல் போடப் போகிறவன். சத்தீஸ்கர், ஒடிசா என்று ஒன்பது மாசம் வெளியே, அங்கே மழை பிடிக்கிற ஆடியிலிருந்து மூன்று மாசம் வீட்டில். அவன் மகள் நித்யஸ்ரீ திருச்செங்கோட்டில் இன்ஜினியரிங் படிக்கிறாள், ஹாஸ்டல். ஆகவே வருஷத்தில் முக்கால்வாசி அந்த வீட்டில் இரண்டு பெண்கள்தான். கோகிலவாணியும், அண்ணன் மனைவி சௌந்தர்யாவும். அண்ணன் மனைவியை அந்தப் பக்கத்து முறைப்படி 'நங்கை' என்று கூப்பிடுவாள்.

கோகிலவாணியை இருபத்தைந்து வயதில் ஆத்தூருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். எட்டு மாசம் இருந்தாள். "ஏனுங்க, வாரனுங்க" என்று அவள் பேசினால் மாமியார் அப்படியே திருப்பிச் சொல்லிக் காட்டுவாள், வீடே சிரிக்கும். அதைப் பொறுத்துக்கொண்டாள். கட்டினவன் பெல்ட்டால் அடித்ததையும் ஆறு மாசம் பொறுத்துக்கொண்டாள். பிறகு ஒருநாள் மத்தியானம் பஸ் ஏறி வந்து வாசலில் நின்றாள். சௌந்தர்யா முதுகைப் பார்த்தாள். மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துக் கொண்டுவந்து தடவிவிட்டு, "இது உன்ற ஊடு சாமி" என்றாள்.

ஊர் சும்மா இருக்குமா? ஏன் வந்தாள், எதற்கு வந்தாள் என்று ஒவ்வொரு நோம்பிக்கும் ஒவ்வொருத்தி வந்து கிளறிப் பார்த்தாள். சௌந்தர்யாவிடம் ஒரே பதில்தான். "அவளுக்கு அந்த ஊர்த் தண்ணி ஒத்துக்கலைங்க." பதினோரு வருஷமாக அதே பதில். கட்டிய புருஷனிடம்கூட அதைத் தாண்டி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொன்னால் குணசீலன் ஆத்தூருக்கே அரிவாளோடு போயிருப்பான் என்பது வேறு விஷயம்.

சௌந்தர்யாவுக்குத் தையல். ஜாக்கெட், சுடிதார், ஸ்கூல் யூனிஃபார்ம். இரும்புக் கால் வைத்த பழைய மிஷின், நடுக்கூடத்தில் ஜன்னலை ஒட்டிக் கிடக்கும். கல்யாணமான புதிதில் ஒருமுறை குணசீலன் ஊரிலிருந்து வந்து கூடத்தில் படுத்தவன், "இந்தக் கடகடச் சத்தத்தைக் கேக்கறதுக்கா நான் ரெண்டு ராத்திரி வண்டியில வந்தேன்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவன் அதை அன்றைக்கே மறந்துவிட்டான். அவள் மறக்கவில்லை. அடுத்த வருஷத்திலிருந்து அவன் வருவதற்கு முந்தின நாள் மிஷினைத் தூக்கிப் பின்னால் தகரக் கொட்டாயில் வைத்துவிடுவாள். அவன் போன மறுநாள் திரும்பக் கூடத்துக்கு வரும். மிஷின் எப்போதும் கொட்டாயில்தான் கிடக்கிறது என்றே அவனுக்கு நினைப்பு. தூக்குகிற வேலை நங்கைக்கும் கோகிலவாணிக்கும். ஆளுக்கொரு பக்கம் பிடித்து, கொல்லை வாசல்படியில் ஒருமுறை இறக்கி வைத்து, மூச்சு வாங்கி, சிரித்துவிட்டுத் தூக்குவார்கள்.

போன ஆடிக்குத் தூக்கும்போது சௌந்தர்யா சிரிக்கவில்லை. வாசல்படியில் மிஷினை இறக்கி வைத்துவிட்டு அப்படியே பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவரு நல்லவருதான். அடிச்சாரா, குடிச்சாரா? ஒண்ணுமில்ல. ஆனா அவரு வந்து எறங்குனா ஊடு சின்னதாப் போயிருது சாமி."

அவ்வளவுதான் சொன்னாள். முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தூக்கு" என்றாள். அந்த ஒரு வரியைத் தன் அம்மாவிடம்கூட அவள் சொல்லியிருக்க மாட்டாள் என்று கோகிலவாணிக்குத் தெரியும். அது தெரிந்திருந்தும் அதை அவள் வெளியே விட்டாள் என்பதை நினைத்தால்தான் ஆறவில்லை.

நடந்தது இதுதான். ஆனி மாசம் கதையில் ஒரு கட்டம் வந்தது. பூவாத்தா தன் புருஷன் மேல் இருக்கிற குறையை நாத்தனார் செல்லாயியிடம் சொல்லப் போகிறாள், வாயைத் திறக்கிறாள், அதோடு அந்த வாரம் 'தொடரும்'. குரூப் இரண்டாகப் பிரிந்தது. அறிவு என்று ஒருவன், நேரில் யாரும் பார்த்ததில்லை, ஊர் ஆத்தூர் என்று மட்டும் தெரியும். அவன் எழுதினான்: "இது நடக்கவே நடக்காது. எந்தப் பொண்டாட்டியும் புருஷன் கூடப்பொறந்தவகிட்டப் போய்க் குறை சொல்ல மாட்டா. அப்படியே சொன்னாலும் மனசு வெறுத்த நேரத்துல 'அவரு வந்தாரு போனாரு'ன்னா மரியாதை வரும்? கோகிலாக்காவோட 'ங்க' எல்லாம் சும்மா சினிமா."

ஐம்பது பேர் அதற்குச் சிரிப்பு பொம்மை போட்டார்கள்.

வேறு ஊர்க்காரன் சொல்லியிருந்தால் அவள் விட்டிருப்பாள். ஆத்தூர்க்காரன் சொன்னது சுருக்கென்று ஏறியது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு சமையலறையில் நின்றுகொண்டு தன் பேச்சைத் தானே கேட்டுக் கூசியது ஞாபகம் வந்தது. மேடையில் ஒரு ஜல்லி லாரி ஏறி நின்று ஹாரன் அடித்தது. அவள் அதைக் கவனிக்காமல் எழுதினாள்.

"நடக்கும். எங்கூட்லயே நடந்துச்சு. புருசன் வாரதுக்கு முந்துன நாளு, அவருக்குச் சத்தம் ஆகாதுன்னு நங்கையும் நாத்தனாருமா தையல் மிஷினை ஒளிச்சு வெக்கத் தூக்கிக்கிட்டுப் போயி, கொல்லை வாசப்படியில எறக்கி வெச்சுப் பேசுனது. 'அவரு வந்து எறங்குனா ஊடு சின்னதாப் போயிருது சாமி.' எத்தனை வெசனம் இருந்தாலும் 'அவரு'தான். மரியாதை எங்கீங்க போச்சு? எங்க பக்கம் நங்கையும் நாத்தனாரும் அக்கா தங்கச்சியாட்டம் இருப்போம். உங்க ஊர்ல எப்படின்னு எனக்கும் தெரியும்."

எழுதி அனுப்பிவிட்டு லாரிக்குச் சீட்டு அடித்தாள். திரும்பிப் பார்ப்பதற்குள் இருநூறு இதயம். "அக்கா, அழுதுட்டேன்" என்று ஒருத்தி. "அறிவு அவுட்டு" என்று ஒருவன். அறிவே வந்து, "தோத்துட்டேன்க்கா, மன்னிச்சிருங்க" என்றான். ஆத்தூரே வந்து காலில் விழுந்த மாதிரி இருந்தது அவளுக்கு. சாயங்காலம் சந்திரசேகர் தனியாக ஒரு செய்தி அனுப்பினான். "அக்கா, அந்த வரியை எடுத்துக்கட்டுமா?"

"தாராளமா எடுத்துக்கோங்க" என்று பதில் போட்டாள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதற்கு இதைவிடச் சுருக்கமாக ஒப்புதல் கொடுத்தவர் யாரும் இருக்க முடியாது.

அடுத்த வெள்ளிக்கிழமை, எம்.சாண்ட் லாரிகள் ரோடு வரைக்கும் வரிசை கட்டி நின்ற நேரத்தில் குரூப் கூவியது. "கோகிலாக்கா பேரு வந்திருச்சு!" அவள் அவசரமாகத் திறந்து, கதையைப் படிக்க நேரமில்லாமல் விரலால் ஒரே தள்ளாகத் தள்ளிக் கடைசிக்குப் போனாள். இருந்தது. மஞ்சள் எழுத்தில், 'வட்டார வழக்கு உதவி: கோகிலவாணி, நாமகிரிப்பேட்டை.' தன் பேரை அவள் ரேஷன் கார்டிலும் கல்யாணப் பத்திரிகையிலும்தான் அச்சில் பார்த்திருக்கிறாள். கல்யாணப் பத்திரிகையை நினைக்கவே பிடிக்காது. படத்தை அப்படியே பிடித்து, கதைக்குப் போகிற லிங்க்கையும் சேர்த்து, சொந்தக்காரர் குரூப்புக்கு அனுப்பினாள். அண்ணனுக்கு அனுப்பினாள். நித்யஸ்ரீக்கு அனுப்பினாள். எடை மேடை முதலாளிக்குக்கூட அனுப்பினாள்.

பொழுதோடு வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக நங்கையின் போனை வாங்கி, கதை வருகிற செயலியை ஏற்றிக் கொடுத்தாள். "நீங்களே பாருங்க நங்கை. கடேசியில என்ற பேரு. மொதல்ல இருந்து படிச்சுக்கிட்டே வந்தாத்தான் நல்லாருக்கும்." சொல்லிவிட்டுக் கைகால் கழுவப் போனாள்.

திரும்பி வந்தபோது சௌந்தர்யா ஜன்னலோரம் மிஷின் பலகைமேல் போனை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படிச்சாச்சுங்களா?"

"நீ படிச்சியா அம்மிணி?"

கோகிலவாணி போனை எடுத்தாள். முதல் கட்டத்திலேயே தெரிந்துபோனது. பூவாத்தாவும் செல்லாயியும் ஆளுக்கொரு பக்கம் தையல் மிஷினைப் பிடித்துக் கொல்லை வாசலைத் தாண்டுகிறார்கள். வாசல்படியில் இறக்கி வைக்கிறார்கள். பூவாத்தா உட்காருகிறாள். சாய்ந்து உட்கார்ந்த அந்த உட்காருதல்கூட, பார்க்காதவன் எப்படி வரைந்தான் என்று தெரியவில்லை, அப்படியே இருந்தது. பிறகு ஒரு முழுக் கட்டம். இருட்டுப் பின்னணி, நடுவில் வரி மட்டும். அவரு வந்து எறங்குனா ஊடு சின்னதாப் போயிருது சாமி. அதற்குக் கீழே தள்ளினால், இருட்டு முடிந்த இடத்தில் அவள் பேர்.

"இத எத்தன பேரு படிப்பாங்க?" என்று கேட்டாள் சௌந்தர்யா.

பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு வரவில்லை. "ஒரு இருவதாயிரம் பேருங்க."

"அண்ணனுக்கு?"

"அனுப்பிட்டனுங்க."

சௌந்தர்யா எழுந்து மிஷினுக்கு மேல்மூடி போட்டாள். தைத்துக்கொண்டிருந்த யூனிஃபார்மின் ஒரு கை பாதியில் நின்றது.

கோகிலவாணிக்குச் சந்திரசேகர் மேல் வந்தது கோபம். இத்தனை நாள் கேட்டதற்கெல்லாம் சொல்லிக் கொடுத்தேனே, அக்கா அக்கா என்று கூப்பிட்டுக் கழுத்தை அறுத்துவிட்டானே என்று பொருமினாள். ஞாயிற்றுக்கிழமை ராசிபுரம் போய் சேலம் பஸ் பிடித்து, செவ்வாய்ப்பேட்டைக்கு வழி கேட்டுப் போனாள். கடைக்கு மேலே மாடியில், சேலைக் கட்டுகள் கூரை வரை அடுக்கிய குடோனில் ஒரு மூலையில் மேஜை போட்டு சந்திரசேகர் வரைந்துகொண்டிருந்தான். இருபத்தேழு வயசு இருக்கும். அவளைப் பார்த்ததும் சந்தோஷமாக எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டான். அந்தச் சந்தோஷம் அவளை இன்னும் எரித்தது.

"வரியைத்தானுங்களே கேட்டீங்க? வரியை மட்டுந்தானே எடுத்துக்கறேன்னீங்க? மிஷின் எதுக்குங்க? படி எதுக்குங்க? அது எங்கூட்டுப் படி. அவங்க என்ற நங்கை. உசுரோட இருக்கறவங்க."

அவன் முகம் விழுந்துவிட்டது. நிஜமாகவே அவன் நினைத்திருக்கவில்லை. "மிஷினைத் தூக்கறது இல்லாம அந்த வரி நிக்காதுன்னு நெனச்சேங்க்கா. நீங்க குரூப்ல போட்டிருந்தீங்களே. எல்லாரும் பாத்ததுதானேன்னு..."

"எல்லாரும் பாத்தாங்களா?"

அவன் போனை எடுத்து அவள் எழுதியதைத் தேடி அவள் முன்னால் வைத்தான். 'எங்கூட்லயே நடந்துச்சு' என்று ஆரம்பித்திருந்தது. கீழே இதயங்கள் இருநூற்றுச் சொச்சம். ஏதோ வேறொருத்தி எழுதினதைப் படிப்பதுபோலப் படித்தாள். இந்தப் பெண் யாராக இருந்தாலும் நல்லவள் இல்லை என்று தோன்றியது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளை கெட்டது போதாதென்று கூட இருந்தவளையும் பாம்புக்குக் காட்டிக் கொடுத்திருந்தது.

"எடுத்தர்றேங்க்கா. அந்த எபிசோடையே தூக்கிரட்டுமா?" என்றான் சந்திரசேகர். பிறகு அவனே தயங்கினான். "தூக்கினா ஏன் தூக்கினாங்கன்னு தேடுவாங்க. எல்லாரும் ஸ்கிரீன்ஷாட் வெச்சிருப்பாங்க."

"என்ற பேரையாச்சும் எடுங்க" என்றாள்.

எடுத்தான். அவள் கண்ணெதிரிலேயே அந்த மஞ்சள் எழுத்து போனது. ஆனால் அவள் சொந்தக்காரர் குரூப்பில் அனுப்பியதை எல்லாரும் பார்த்தாயிற்று. அதற்குக் கீழே பெரியம்மா மகள் ஒருத்தி கைதட்டு பொம்மை போட்டிருந்தாள்.

அந்த வாரமெல்லாம் செயலியில் கதைக்குக் கீழேயே வாசகர்கள் பூவாத்தாவைப் பிரித்து மேய்ந்தார்கள். பாவம் என்றார்கள் பாதிப் பேர். மீதிப் பேர், "புருசன் காட்டுலயும் மேட்டுலயும் சம்பாதிச்சுப் போடறான், இவளுக்கு ஊடு சின்னதாப் போகுதாமா" என்றார்கள். "இவளுக்கு வேற எவனோ இருக்கான், அடுத்த வாரம் பாருங்க" என்று ஒருவன் பந்தயம் கட்டினான். கோகிலவாணி ஒவ்வொன்றையும் படித்தாள். நங்கையின் போனிலும் அந்தச் செயலி இருக்கிறது, தான்தான் ஏற்றிக் கொடுத்தோம் என்பது ஒவ்வொரு வரிக்கும் ஞாபகம் வந்தது. குரூப்பில், "அக்கா எங்க ஆளையே காணோம், செல்லாயி 'வாறேன்'னு சொல்லுவாளா 'வாரேன்'னு சொல்லுவாளா?" என்று கேட்டிருந்தார்கள். அவள் குரூப்பை விட்டு வெளியே வந்தாள். வெளியேறினார் என்று ஒரு வரி விழுந்தது, அவ்வளவுதான்.

ஒருநாள் காலையில் அடுப்படியில் நங்கையின் பக்கத்தில் போய் நின்று அழுதாள். "தப்புப் பண்ணிட்டனுங்க நங்கை. சண்டையில செயிக்கோணும்னு வாய விட்டுட்டனுங்க."

சௌந்தர்யா தோசைக்கல்லில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. "அழுவாத. உனக்குச் செஞ்சதச் சொல்லிக் காட்டறவ நானில்ல. ஆனா ஒண்ணு கேக்கறேன். அந்த ஊர்த் தண்ணி ஒத்துக்கலைன்னு சொன்னனே, இந்தப் பதினோரு வருசத்துல அதுக்கு மேல ஒரு சொல்லு என்ற வாயில வந்துச்சா?"

"இல்லீங்க."

"எத்தன பேரு கேட்டாங்க தெரியுமா? நானும் எத்தனயோ எடத்துல செயிச்சிருக்கலாம்." தோசையைத் திருப்பிப் போட்டாள். "போ, உனக்கு நேரமாச்சு."

குணசீலன் ஆடி பிறந்த மூன்றாம் நாள் வருவதாகப் போன் பண்ணினான். லிங்க் பார்த்தானா, படித்தானா என்று அவனும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. அதுதான் கோகிலவாணியை அரித்தது. படித்தால் அவனுக்குத் தெரியாமலா போகும்? கூடம் அவன் கூடம், படி அவன் படி, பொண்டாட்டி அவன் பொண்டாட்டி. தெரிந்துவிட்டால் இருபது வருஷக் குடும்பத்தில் ஒரு கல் விழும். எறிந்த கை தன் கை.

வருவதற்கு முந்தின நாள் முதலாளியிடம் சொல்லிவிட்டு மத்தியானமே வீட்டுக்கு வந்தாள், மிஷினைத் தூக்க. கூடத்தில் மிஷின் இல்லை. ஜன்னலடியில் இருந்து கொல்லை வாசல் வரைக்கும் தரையில் இரண்டு கோடு இழுத்திருந்தது. இரும்புக் கால் டைல்ஸைக் கீறிக்கொண்டு போன தடம். வாசல்படியின் முனை ஒரு இடத்தில் உடைந்திருந்தது. சௌந்தர்யா கையில் துணி சுற்றிக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னயக் கூப்பிட்டிருக்கலாமுங்களே" என்றாள் கோகிலவாணி.

"முடிஞ்சுது, தள்ளிட்டேன்" என்றாள் சௌந்தர்யா.

குணசீலன் வந்தான். குரல் முதலில் வந்தது, பிறகு பெட்டி, பிறகு ஆள். மறுநாள் ஞாயிறு, நாட்டுக்கோழி அடித்தார்கள். மத்தியானம் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போது அவனே ஆரம்பித்தான்.

"ஏம்மிணி, உன்ற பேரு பெருசா வந்துச்சாட்டிருக்குது. எங்க மேனேஜர் பிரபாகர் இருக்கறானில்ல, அவந்தான் படிச்சுக் காட்டுனான். ராய்ப்பூர்ல வண்டியடில குந்திக்கிட்டு எட்டுப் பேரும் கேட்டோம்."

கோகிலவாணியின் கை இலையிலேயே நின்றது. சௌந்தர்யா கரண்டியோடு பக்கத்தில் நின்றாள்.

"பேச்சு நம்ம பேச்சாட்டவே இருக்குது. நல்லாச் சொல்லிக் குடுத்திருக்கற. ஆனா அந்தப் புருசங்காரன் இருக்கறானே, சரியான கூமுட்டை. பொண்டாட்டி மிஷினத் தூக்கி ஒளிச்சு வெக்கறா, அதுகூடத் தெரியாம திங்கறான், தூங்கறான். லாரிக்காரனுகளே இப்படித்தான், ஊட்டு நெனப்பே இருக்காது." அவன் ஒரு எலும்பை உறிஞ்சிக் கீழே வைத்தான். "அந்தப் புள்ளையப் பாத்தாப் பாவமாத்தான் இருந்துச்சு. எங்க பசங்ககூட உச்சுக் கொட்டுனானுக."

அவன் உட்கார்ந்திருந்தது அந்த இரண்டு கோட்டின் மேல்தான். கோகிலவாணிக்கு உயிர் வந்தது. சாமி, தெரியவில்லை, இவனுக்குத் தெரியவே இல்லை என்று உள்ளுக்குள் கும்பிட்டாள். அந்தக் கும்பிடு முடிவதற்குள் அவன் அடுத்ததைச் சொன்னான்.

"ஆனா அவளும் ஒரு தப்புப் பண்ணிட்டா. போயும் போயும் நாத்தனாகிட்டப் போய்ச் சொல்லுவாளா? யாருகிட்ட எதச் சொல்றதுன்னு ஒரு இது வேண்டாம்? பாரு, ஊரே சிரிக்குது. என்ன சௌந்தரி, நாஞ் சொல்றது சரிதான?"

"ஆமாங்க" என்றாள் சௌந்தர்யா. "அது ஒண்ணுதான் அவ பண்ணுன தப்பு."

சொல்லிவிட்டுக் குனிந்து, குழம்பில் தேடி எடுத்து, கோழி ஈரலைக் கோகிலவாணியின் இலையில் வைத்தாள். வருஷா வருஷம் அவளுக்கென்று எடுத்து வைப்பதுதான். கோகிலவாணி அதைச் சோற்றுக்கு அடியில் மறைத்து வைத்து, இலையை மடித்துக்கொண்டு எழுந்தாள்.

குணசீலன் ஆயுத பூஜைக்கு வண்டிக்குப் பொட்டு வைத்துவிட்டுக் கிளம்பிப் போனான். மறுநாள் கோகிலவாணி வேலைக்குப் போகாமல் காத்திருந்தாள். மிஷினை உள்ளே தூக்கி வர நங்கை கூப்பிடுவாள் என்று நினைத்தாள். கூப்பிடவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. இப்போது கார்த்திகை பிறந்துவிட்டது. ஜன்னலடி காலியாகக் கிடக்கிறது. மத்தியானம் கோகிலவாணி சாப்பிட வரும்போது கொட்டாயில் இருந்து கடகடச் சத்தம் கேட்கிறது. கதவு சாத்தியிருக்கிறது.

சாத்துகிற கதவு இல்லை அது. தகரம், கீழே இழுபடும், சாத்துவதற்கே பலம் வேண்டும். நேற்று அதைத் தள்ளித் திறந்துகொண்டு உள்ளே போனாள். கூரை நெருப்பாகக் காய்ந்தது. நங்கையின் ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணன் போயி ஒன்றரை மாசமாச்சுங்களே நங்கை. மிஷினை உள்ள கொண்டாந்துரலாமுங்களா? நான் ஒரு பக்கம் புடிக்கறேன்."

சௌந்தர்யா மிதிப்பதை நிறுத்தவில்லை. "இங்கயே இருக்கட்டும் சாமி" என்றாள். "இங்கதான் காத்தாட இருக்குது."